வாசகர் கேள்வி-பதில்: ட்ரிஃப்ட் காரில் நைட்ரஸ்

காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டும் ட்ரிஃப்ட் போட்டியில், எஞ்சினின் பவரைக் கூட்டப் பயன்படும் நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு) பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் எல்லாம் மூடிய பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்கானவை.

கேள்வி: நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் காரில் நைட்ரஸ் வைப்பது புரிகிறது. ட்ரிஃப்ட்டில் பின்சக்கரம் ஏற்கெனவே வழுக்கிச் சுழல்கிறதே, அங்கே எதற்கு? (வாசகர், கோயம்புத்தூர்)

உச்ச பவரைக் கூட்டுவதற்காக அல்ல. பெரிய டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) பொருத்திய எஞ்சினில் சுமார் 4,000 ஆர்.பி.எம்முக்குக் கீழே போதிய பூஸ்ட், அதாவது அந்தக் காற்றழுத்தம், வராது. கார் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பும்போது டிரைவர் ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரை விடுகிறார், ஆர்.பி.எம் விழுகிறது, மறுபடி மிதித்தால் டர்போ எழும்பும் வரை எஞ்சின் சோர்ந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் பின்சக்கரம் பிடித்துக்கொண்டால் ட்ரிஃப்ட் முடிந்தது. இரண்டு கார்கள் ஒட்டி ஓடும் டேண்டம் சுற்றில், பின்னால் துரத்துகிற காருக்கு இந்தத் தாமதம் நேரடியான பின்னடைவு. ஜப்பானின் டி1 கிராண்ட்பிரீ 2001-லும் அமெரிக்காவின் ஃபார்முலா ட்ரிஃப்ட் 2004-லும் தொடராக ஓடத் தொடங்கியபின் போட்டிக் கார்களின் பவர் ஏறிக்கொண்டே போனது. டர்போ பெரிதாகப் பெரிதாக இந்தத் தாமதமும் பெரிதானது.

நைட்ரஸ் எரிபொருள் அல்ல, ஆக்ஸிஜனைச் சுமந்து வரும் வாயு. காற்றில் எடைப்படி 23 சதவீதம் ஆக்ஸிஜன். நைட்ரஸில் 36 சதவீதம். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது பிரிந்து ஆக்ஸிஜனை விடுகிறது. அதோடு கூடுதல் பெட்ரோலையும் எரிக்கலாம். எக்ஸாஸ்ட் வாயுவின் சூடும் அளவும் கூடுவதால் டர்போ சீக்கிரம் சுற்றுகிறது. திரவமாக வரும் நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரியில் கொதிப்பது, ஆகவே உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. டர்போ எழுந்தபின் நைட்ரஸுக்கு வேலை இல்லை. பெரிய டர்போ காருக்கு 50 எச்.பி. கூட்டும் ஜெட்டே (நைட்ரஸ் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) இந்தக் காரியத்துக்குத் தாராளம்.

கேள்வி: ஸ்டியரிங்கில் ஒரு பட்டன் வைத்து, வேண்டியபோது அழுத்தினால் போதாதா? (வாசகர், சேலம்)

போதாது. ட்ரிஃப்ட் காரில் எஞ்சின் உடைவது பெரும்பாலும் ஜெட் பெரிதாக இருந்ததால் அல்ல, திறக்கக் கூடாத கணத்தில் சோலினாய்டு (நைட்ரஸை விடும் மின்வால்வு) திறந்திருந்ததால்தான். டிராக் ரேஸில் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்தால் கோடு தாண்டும் வரை விடுவதில்லை. ட்ரிஃப்ட்டில் ஒரே வளைவில் பலமுறை விட்டுப் பிடிக்கிறோம், கிளட்சை உதைக்கிறோம், ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறோம், லிமிட்டரில் (ஆர்.பி.எம் எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) முட்டுகிறோம். இவ்வளவையும் செய்துகொண்டே கட்டைவிரலால் நைட்ரஸையும் கவனிப்பது யாராலும் ஆகாது. பட்டன் இருக்கட்டும், ஆனால் அது சிஸ்டத்தைத் தயார்நிலையில் வைக்கும் ஆர்மிங் சுவிட்சாக மட்டும் இருக்கட்டும்.

உண்மையில் திறந்து மூடுவதை இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அல்லது தனி கன்ட்ரோலர் செய்ய வேண்டும். எல்லா நிபந்தனையும் ஒருசேரப் பொருந்தினால்தான் சோலினாய்டை இயக்கும் ரிலேக்கு மின்சாரம் போகவேண்டும். 7,500-இல் லிமிட்டர் வைத்த 2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு ஒரு தொடக்க அமைப்பு: த்ராட்டில் 85 சதவீதத்துக்கு மேல், ஆர்.பி.எம் 3,500-க்கும் 5,500-க்கும் இடையில், பூஸ்ட் 1 பாருக்குக் (பார் என்பது அழுத்த அலகு) கீழே, கிளட்ச் மிதிபடாத நிலை, ஹேண்ட்பிரேக் லைனில் அழுத்தம் இல்லாத நிலை. பூஸ்ட் 1 பாரைத் தொட்டதும் நைட்ரஸ் தானாக நிற்கும். த்ராட்டில் எல்லையைத் தொட்டபின் 0.2 நொடி தாமதமும் கொடுங்கள். இல்லாவிட்டால் பெடல் நடுங்கும் ஒவ்வொரு முறையும் சோலினாய்டு படபடக்கும்.

கிளட்ச் சுவிட்சையும் ஹேண்ட்பிரேக் அழுத்த சுவிட்சையும் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கிளட்ச் விலகிய கணத்தில் எஞ்சினுக்குச் சுமையே கிடையாது. அப்போது நைட்ரஸ் உள்ளே போனால் ஆர்.பி.எம் சீறிக்கொண்டு லிமிட்டரில் முட்டும். அந்த லிமிட்டர் எரிபொருளை வெட்டும் வகையாக இருந்து, சிஸ்டமும் டிரை வகையாக (நைட்ரஸ் தனியாகவும், பெட்ரோல் எஞ்சினின் இன்ஜெக்டர் வழியாகவும் வருவது) இருந்தால், நைட்ரஸ் மட்டும் போகும், பெட்ரோல் வராது. பிஸ்டன் உருக அதற்குமேல் எதுவும் வேண்டாம். லிமிட்டர் ஸ்பார்க்கை வெட்டும் வகையானால் எரியாத கலவை எக்ஸாஸ்ட்டில் போய் வெடிக்கும். எனவே டர்போ இல்லாத எஞ்சினில், மேல் ஆர்.பி.எம் வரை நைட்ரஸ் தேவைப்பட்டாலும், லிமிட்டருக்கு 300 முதல் 400 ஆர்.பி.எம் முன்னதாகவே அது மூடியிருக்க வேண்டும்.

நைட்ரஸைப் படிப்படியாகத் திறக்க விரும்பினால், 40 சதவீதத்தில் ஆரம்பித்து ஒரு நொடியில் 100-க்குக் கொண்டுபோகலாம். சோலினாய்டு நொடிக்குப் பலமுறை திறந்து மூடும் என்பதால் சாதாரண ரிலே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நகரும் பாகம் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயும், அடிக்கடி திறந்து மூடுவதற்கென்று செய்யப்பட்ட சோலினாய்டும் தேவை.

கேள்வி: உள்பாகங்கள் எதுவும் மாற்றாத நான்கு சிலிண்டர் எஞ்சின். எத்தனை எச்.பி. ஜெட் போடலாம்? வெட்டா, டிரையா? (வாசகர், மதுரை)

வார்ப்பு பிஸ்டன் கொண்ட நான்கு சிலிண்டருக்கு 40 முதல் 60 எச்.பி. எல்லை. அதைத் தாண்டினால் முதலில் போவது மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள பிஸ்டன் சுவர். ரிங் சூடேறி விரிந்து முனைகள் இடித்துக்கொள்ளும்போது அந்தச் சுவரைப் பெயர்த்துவிடும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போடுகிறவர்கள் மேல் ரிங்கின் இடைவெளியை நைட்ரஸுக்கு ஏற்றபடி பெரிதாக்கச் சொல்வது இதனால்தான்.

வெட் சிஸ்டத்தில் நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசிலில் சேர்ந்து வரும். டிரை சிஸ்டத்தில் நைட்ரஸ் மட்டும் வரும், கூடுதல் பெட்ரோலை இசியூ இன்ஜெக்டர் வழியாகக் கொடுக்கும். டியூன் செய்யக்கூடிய இசியூவும் போதிய அளவு இன்ஜெக்டரும் இருந்தால் ட்ரிஃப்ட்டுக்கு டிரை நல்லது. வெட் சிஸ்டத்தில் அடிக்கடி திறந்து மூடும்போது மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி, பின்வெடிப்பு வர வாய்ப்பு அதிகம். சாதாரண இசியூ என்றால் வெட் தவிர வழியில்லை. அப்போது நாசிலை த்ராட்டில் பாடிக்கு அருகிலேயே வையுங்கள்.

இக்னிஷன் டைமிங்கை 50 எச்.பி.க்கு 2 டிகிரி பின்தள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.75 மி.மீ., பூஸ்ட் அதிகமானால் 0.65. காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கு அருகில். 50 எச்.பி.க்கு மணிக்குச் சுமார் 15 லிட்டர் வீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பம்ப் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ட்ரிஃப்ட்டில் டேங்கிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். சாதாரண ஓட்டத்தில் அது ஒரு திணறலோடு போய்விடும். நைட்ரஸ் திறந்திருக்கும்போது நடந்தால் எஞ்சின் போய்விடும். ஒன்றரை லிட்டர் சர்ஜ் டேங்கும் (பெட்ரோல் ஒதுங்கினாலும் எஞ்சினுக்குத் தடையின்றிக் கொடுக்கும் சிறு இடைத்தொட்டி), எரிபொருள் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை வெட்டும் பிரஷர் சுவிட்சும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

முதல் ஓட்டங்களுக்குப்பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு நைட்ரஸை மூடிவிட வேண்டியதுதான்.

கேள்வி: பாட்டில் வார்மர் அவசியம் என்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் வேண்டுமா? (வாசகர், வேலூர்)

பகலில் உங்களுக்கு எதிர்ப்பிரச்சினைதான் வரும். ஜெட் அட்டவணைகள் பொதுவாக 900 முதல் 950 பி.எஸ்.ஐ. (இதுவும் அழுத்த அலகு) பாட்டில் அழுத்தத்துக்குப் போடப்பட்டவை. நைட்ரஸின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 735 பி.எஸ்.ஐ., 30 டிகிரியில் சுமார் 915. குளிர்நாட்டுக்காரர்கள் வார்மர் போடுவது இந்தக் குறையை ஈடுகட்ட. 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸுக்குத் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போகிறது. நிறைத்த பாட்டிலில் அழுத்தம் அங்கிருந்து விறுவிறுவென்று ஏறும். அழுத்தம் கூடினால் அதே ஜெட்டில் நைட்ரஸ் அதிகமாகப் பாயும். பெட்ரோலோ பழைய அளவில்தான் வரும். கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். அழுத்தம் குறைந்தால் ரிச்சாகிக் கரும்புகையும் திணறலும் வரும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஆகவே பயப்பட வேண்டியது அதிக அழுத்தத்துக்கு.

பாட்டிலை நிழலில் வையுங்கள், ஈரத்துணி சுற்றி ஃபேன் காற்று படவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கேஜ் பாருங்கள். 1,000-ஐத் தாண்டினால் ஆர்மிங் சுவிட்சைப் போடாதீர்கள். நிரப்பும்போது தராசில் எடை வைத்தே நிரப்ப வேண்டும். 10 பவுண்டு பாட்டிலில் 4.5 கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூடப் போகக் கூடாது. அளவுக்கு மீறி நிரப்பிய பாட்டில் வெயிலில் கிடந்தால் அதன் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவும் வெளியே பாயும். பாட்டில் காருக்குள் இருந்தால் அந்தத் தகட்டின் வாயிலிருந்து காருக்கு வெளியே குழாய் போட்டிருக்க வேண்டும்.

மாலையில் அடுத்தடுத்து ஓடும்போது கதை மாறும். நைட்ரஸ் வெளியேற வெளியேற பாட்டில் தானே குளிர்ந்து அழுத்தம் விழும். அப்போது தெர்மோஸ்டாட் உள்ள போர்வை வகை வார்மர் உதவும். தீயைக் காட்டிச் சூடாக்குவது குற்றத்துக்கு நிகரான செயல்.

கேள்வி: பாட்டிலை டிக்கியில் எந்தத் திசையில் படுக்க வைப்பது? (வாசகர், திருச்சி)

காரின் நீளவாக்கில், வால்வு முன்பக்கம் பார்த்து, முன்முனை சற்று உயர்ந்து, லேபிள் மேலே தெரியும்படி. உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாயின் நுனி அப்போதுதான் பின்கோடியில் அடித்தளத்தில் இருக்கும். சக்கர அச்சுக்கு இணையாகக் குறுக்கே வைத்தால், கார் பக்கவாட்டில் சரியும்போது திரவம் முழுதும் ஒரு கோடிக்கு ஓடி, குழாய் வெறும் ஆவியை உறிஞ்சும். பாதிக்குக் கீழே போன பாட்டிலை மாற்றிவிடுங்கள். 50 எச்.பி.க்கு நொடிக்குச் சுமார் 22 கிராம் செலவு; ஒரு ஓட்டத்தில் மொத்தம் 8 நொடி திறந்தால் 180 கிராமுக்குக் கிட்ட. 4.5 கிலோ பாட்டிலின் மேல்பாதி ஒரு டஜன் ஓட்டத்துக்கு வரும்.

பாட்டிலை உலோகப் பட்டையும் போல்ட்டும் கொண்டு பாடியோடு பிணையுங்கள். ஹோஸ் கிளாம்ப்பும் பிளாஸ்டிக் டையும் கூடாது.

கேள்வி: இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. டேப்பின் துணுக்கு சோலினாய்டில் சிக்கினால் அது முழுதாக மூடாது. பைப் த்ரெடில் டெஃப்லான் பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள், ஏ.என். ஃபிளேர் இணைப்புக்கு (விரிந்த உலோக முனைகள் தாமே அடைத்துக்கொள்ளும் வகை) எதுவுமே வேண்டாம். எண்ணெய், கிரீஸ் எந்த இணைப்பிலும் படக் கூடாது.

கேள்வி: காரை நிறுத்திவிட்டு வந்தபின் பாட்டில் வால்வு திறந்தே இருந்தது தெரிந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்யலாமா? (வாசகர், ஓசூர்)

சாவியைத் தொடாதீர்கள். சோலினாய்டு கசிந்திருந்தால் மேனிஃபோல்டு முழுக்க நைட்ரஸ் நிறைந்திருக்கும்; முதல் பொறியிலேயே மேனிஃபோல்டு வெடித்துச் சிதறலாம். முதலில் வால்வை மூடுங்கள். டிக்கி, பானட், கதவுகளைத் திறந்து வையுங்கள். இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டின் ஃப்யூஸையும் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை 10 நொடி வீதம் இரண்டு மூன்று தடவை சுற்றவிடுங்கள். பிறகு லைனில் மிச்சமிருப்பதை பர்ஜ் வால்வு வழியாக வெளியேற்றிவிட்டு, சோலினாய்டைக் கழற்றிப் பிளஞ்சரின் சீலைப் பாருங்கள். சீல் வீங்கியிருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ புதிது போட்டபின்தான் பாட்டில் வால்வைத் திறக்க வேண்டும்.