பேரிடரின்போது பகிரப்படும் கேலியில் இனவெறி எப்படி ஒளிந்திருக்கிறது?

ஒரு மனிதரின் செயலை அல்லாமல் அவர் பிறந்த இனத்தையே கேலிப் பொருளாக்கி, அந்த இனத்துக்கு நேர்ந்த துன்பம் நியாயமானதே என்று சிரிப்பின் மறைவில் உணர்த்துவதையே நகைச்சுவையில் ஒளிந்த இனவெறி என்கிறோம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியதில் 15,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடல்களைத் தேடும் பணி முடிவதற்குள்ளாகவே, இது 1941இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் விமானங்களால் தாக்கியதற்கான பதிலடி என்ற பொருளில் அமெரிக்கர்கள் பலர் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் கேலி செய்தார்கள். அலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆனாலும் அன்று எழுபது வயதான ஒருவர்கூட, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது கைக்குழந்தைதான். அந்தக் குழந்தை எந்த விமானத்தை ஓட்டியது? ஜப்பானியர் எல்லோரும் எக்காலத்திலும் ஒரே ஆள் என்ற எண்ணம் மனத்தில் முன்பே இருந்தால்தான் இந்தக் கேலிக்குச் சிரிப்பு வரும். அந்த எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னால் பலர் மறுப்பார்கள். சிரிப்போடு வரும்போது அது கேள்வியின்றி உள்ளே நுழைந்துவிடுகிறது.

துக்க வீட்டுக்கு வந்தவர், “உங்கள் தாத்தா எங்கள் வரப்பை வெட்டினாரே, அதற்குத்தான் இது” என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லிவிட்டு, பிறகு விளையாட்டுக்குச் சொன்னதாகச் சமாளிப்பதற்கு ஒப்பானது இது.

துயரத்தின் நடுவே சிரிப்பதே இனவெறி என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் நிலையைச் சொல்லித் தாங்களே சிரித்து ஆறுவதில் எந்த இனத்தின்மீதும் வெறுப்பு இல்லை.