நடுவர் நாற்காலியை எடுத்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் போன பொங்கலுக்குக் குறள் ஒப்புவித்தல் போட்டி வைத்தோம். பெயர் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் வரவே இல்லை. "அதுதான் ஸ்கூல்லயே இருக்கே ஆன்ட்டி" என்கிறார்கள். மாதம் ஒரு சாயங்காலம் சின்னவர்கள், பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கவிதை சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை. எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் போட்டியை விடுங்கள். ஒப்புவித்தல் மேல் எனக்குக் கோபமில்லை. 1330 குறளையும் சொல்லும் மாணவர்களுக்கு அரசே பரிசு தருகிறது, தரட்டும். ஆனால் மார்க் போடுகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்குப் பாட்டில் மனம் போகாது, எங்கே தடுக்குமோ என்ற பயம்தான் இருக்கும். நோட்டீஸில் 'கவிதை' என்றுகூடப் போட வேண்டாம். 'விடுகதை, பாட்டு, சுண்டல்' என்று போடுங்கள். சுண்டல் முக்கியம்.

முதல் நாள் காளமேகப் புலவரை இறக்குங்கள்.

"நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது"

இதை மட்டும் சொல்லி, "என்னது அது?" என்று கேளுங்கள். பாம்பு என்று கத்துவார்கள். பாதிதான் சரி, இன்னொரு விடை உங்கள் வீட்டு அடுக்களையில் தொங்குகிறது என்று சொல்லிக் கொஞ்ச நேரம் தவிக்கவிடுங்கள். பிறகு ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் காட்டலாம். கனிந்தால் நைந்திருக்கும், தோலை உரிப்போம், அபிஷேகத்தில் சிவன் தலைக்கும் ஏறும். 'வெஞ்சினம்' மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. தொடுகறியை வெஞ்சனம் என்று சொல்லிப் பழகிய பாட்டி யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், அந்த இடத்தில் அவரைப் பேசவிடுங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு கடித்த பழம் திரும்பி வருமா என்ன!

பெரியவர்களிடம் கவிதை கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்று நழுவுவார்கள். தாலாட்டு கேளுங்கள், வரும். "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே" என்று ஒரு பாட்டி எடுத்ததும், எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று இன்னொருவர் மறித்துப் பாடுவார். அந்தச் சண்டையைத் தடுக்காதீர்கள். மாமனுக்கு ஏன் மல்லிகை, அத்தைக்கு ஏன் அரளி என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, தாத்தா எதால் அடித்தார்? தாமரை, தாழம்பூ என்று குரல்கள் வரும். பாட்டிக்குப் பாரிஜாதம். எவனாவது பாகற்காய் என்பான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோனை என்ற பெயரை அன்றைக்குச் சொல்ல வேண்டாம், பாடநூலில் வரும்போது தானே தெரிந்துகொள்வார்கள்.

தை மாதக் கூட்டத்துக்கு அவித்த பனங்கிழங்கு வாங்கிவாருங்கள். ஒன்றை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுச் சத்திமுத்தப் புலவரைச் சொல்லுங்கள்.

"நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்"

கையில் இருப்பதே நாரையின் அலகாகிவிடும். மதுரையில் வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு, ஊரில் இருக்கும் மனைவிக்கு நாரையிடம் சேதி சொல்லி அனுப்புகிறார் புலவர். "கையது கொண்டு மெய்யது பொத்தி, காலது கொண்டு மேலது தழீஇ, பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்" என்று வரும் இடத்தை மெதுவாகச் சொல்லி, சொல்லச் சொல்லச் செய்து காட்டச் சொல்லுங்கள். கைகளால் மார்பைப் பொத்தி, முழங்காலை மடக்கி அணைத்துக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்த பாம்பாய்ப் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவார்கள். இதற்கு மேல் பதவுரை எதற்கு? அவருக்கு யாராவது போர்வை கொடுத்தார்களா என்று ஒரு குழந்தை கேட்டால், பாண்டிய மன்னன் தன் மேலாடையைப் போர்த்திய கதையைச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டும் வரட்டும், முகம் சுளிக்க வேண்டாம்.

பெற்றோரிடம்தான் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். "ஆன்ட்டிக்குச் சொல்லிக் காட்டுடா" என்று யாரும் பிள்ளையை முன்னால் தள்ளக் கூடாது. வாயே திறக்காத பிள்ளைக்குத் தாளம் போடும் வேலை கொடுங்கள். போட்டிப் பரிசுக்கென்று சங்கத்தில் பணம் ஒதுக்கியிருந்தால், அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' மாதிரி நாலைந்து பாட்டுப் புத்தகம் வாங்கி வீடு வீடாகச் சுற்றவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.