காந்த அலாய் ஆராய்ச்சில தினமும் என்னதான் பண்ணுவாங்க, பிஎச்டி பண்ணலாமா?

கடலூர்ல எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம், இந்த துறைக்கு வரலாமான்னு கேட்டிருக்கீங்க. பாண்டில இருந்து இதுக்குள்ள வந்தவன்ங்கிற முறைல சொல்றேன், தாராளமா வாங்க.

என்னைய இழுத்தது ஹியூஸ்லர் அலாய்ங்கிற கலப்பு உலோகம்தான். காப்பர், மாங்கனீஸ், அலுமினியம் மூணையும் தனித்தனியா எடுத்தா எதுவும் காந்தத்துல ஒட்டாது, ஆனா சரியான விகிதத்துல உருக்கி சேர்த்தா ஒட்டும், அணுக்கள் எந்த வரிசைல உக்காருதுங்கிறதுதான் காரணம். 1903லயே இத கண்டுபிடிச்சுட்டாங்க, இன்னைக்கும் இந்த குடும்பத்துல புதுசு புதுசா வந்துட்டே இருக்கு.

தினசரி வேலைன்னா பொறுமைதான். உலோகத்த மில்லிகிராம் கணக்குல எடை போட்டு, ஆர்கான் வாயுல மின்சாரப் பொறி (ஆர்க்) வச்சு உருக்குவோம், சின்ன பட்டன் மாதிரி வரும், அத திருப்பிப் போட்டு திருப்பிப் போட்டு மறுபடி உருக்கணும், இல்லன்னா ஒரே சீரா கலக்காது. மாங்கனீஸ் ஆவியா போயிடும்ங்கிறதால கொஞ்சம் கூடவே போடணும். அப்புறம் குவார்ட்ஸ் குழாய்ல சீல் பண்ணி நாள் கணக்குல ஃபர்னஸ்ல வச்சு, அணு வரிசை சரியா இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்து, காந்த அளவு பாக்கணும்.

வேலை வாய்ப்பா? மின்சார வண்டி மோட்டார்ல இருக்கிற நியோடிமியம் காந்தம் சூடானா வலு குறையும், அதுக்கு டிஸ்ப்ரோசியம்ங்கிற அரிய உலோகத்த சேர்க்கறாங்க, அது பெரும்பாலும் சீனாவுல இருந்துதான் வருது. அது இல்லாம செய்ய வழி தேடறதுதான் இப்ப பெரிய தேவை. ஹைதராபாத்ல டிஎம்ஆர்எல்ங்கிற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வகத்துல காந்த ஆராய்ச்சி நடக்குது. நெட், கேட் தேர்வு ரெண்டுக்கும் இப்பவே படிக்க ஆரம்பிங்க, கைடு யாருன்னு பாத்து சேருங்க, லேப்ல ஆர்க் ஃபர்னஸ் ஓடுதான்னு நேர்ல போய் கேளுங்க.