கட்டிலைக் கொடுத்தவர் எங்கே படுத்தார்?

கேள்வி: ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். சாலை முடிந்து, அதற்கப்பாலும் நடந்து போகவேண்டிய ஊர்களில்தான் மனிதர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, காய்ச்சல் வந்தால் கவனிப்பு எல்லாம் கேட்காமலே கிடைக்கிறது. இந்த நல்ல மனசு நகரத்தில் மட்டும் எங்கே தொலைந்தது? (ஒரு வாசகி)

பதில்: எங்கும் தொலையவில்லை. நகரத்தில் உங்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் தெருமுனையில் மருந்துக்கடை, பசித்தால் ஓட்டல். இரண்டும் இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டைப் பகைத்துக்கொண்டு யாராலும் காலம் தள்ள முடியாது.

இன்னொன்று. நீங்கள் போனது டீச்சராக. பிள்ளைக்கு நாலு எழுத்து சொல்லித்தர வந்தவர் அடுத்த வாரமே மூட்டை கட்டிவிடக் கூடாதே என்ற கவலையும் அந்த உபசரிப்பில் இருக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால், உங்களுக்குக் கட்டிலைக் கொடுத்த வீட்டில் அன்றிரவு யார் எங்கே படுத்தார்கள் என்று பார்த்தீர்களா? அதே ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்த கூலிக்காரருக்கும் அந்தக் கட்டில் கிடைக்குமா?

ஊர் சேர்ந்து ஆசிரியரைத் தாங்குவது பழைய ஏற்பாடு. நார்வேயில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆசிரியர் பண்ணை பண்ணையாகப் போவார். எந்த வீட்டில் பாடம் நடக்கிறதோ அங்கேயே அவருக்குச் சோறும் படுக்கையும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமங்களிலும் மாணவர் வீடுகளில் முறைவைத்துத் தங்கினார்கள். அது சம்பளத்தில் ஒரு பங்கு! அன்பு இருந்திருக்கும், கூடவே கணக்கும் இருந்தது.

தூரம் என்றால் டிரிஸ்டான் டா குன்யாவைவிடத் தூரம் ஏது? தென் அட்லாண்டிக்கில் ஒரு எரிமலைத் தீவு. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். 1817இல் அங்கே குடியேறியவர்கள் முதல் வேலையாக எழுதி வைத்துக்கொண்டது, யாரும் யாருக்கும் மேல் இல்லை என்ற ஒப்பந்தம். இன்றும் நிலம் பொது. ஒரு குடும்பம் எத்தனை மாடு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நல்ல மனசை மட்டும் நம்பி அவர்கள் இறங்கவில்லை, பாருங்கள்.

அந்தத் தீவுக்கு 1881இல் பாதிரியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் போனவர் எட்வின் டாட்ஜ்சன். ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையை எழுதிய லூயிஸ் கரோல் இவருடைய அண்ணன். சனங்களை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அங்கே மனிதர்கள் வாழவே கூடாது, எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1961இல் எரிமலை வெடித்து அது தானாகவே நடந்தது. மொத்தத் தீவும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். திரும்பிப் போகலாம் என்று 148 பேர், வேண்டாம் என்று 5 பேர். 1963இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

டாட்ஜ்சன் பரிதாபப்பட்டார், நீங்கள் மெய்சிலிர்க்கிறீர்கள். இரண்டுமே வந்து போகிறவர் பார்வைதான். இதில் மெய்சிலிர்ப்பதுதான் எனக்குக் கொஞ்சம் அதிகமாக உறுத்துகிறது. ‘எவ்வளவு நல்ல சனங்கள், ஒன்றுமே கேட்பதில்லை’ என்று நாம் எழுத எழுத, சாலை போடவேண்டியவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. கேட்காதவர்களுக்கு யார் அவசரமாகச் செய்வார்கள்?

அடுத்த தடவை எழுதும்போது வரவேற்புக்கு ஒரு பத்தி போதும். அப்புறம், மழையில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதா, பிரசவ வலி வந்தால் எத்தனை பேர் சேர்ந்து தூக்கிப் போகிறார்கள், நீங்கள் கிளம்பிய பிறகு கரும்பலகைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதற்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஒதுக்குகிறேன்.