கழகமே ரசிகர் மன்றம் நடத்தும்போது தனியாக ஒரு சுயாதீன ஆதரவாளர் சங்கம் எதற்கு?

தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்கள் தாங்களே ரசிகர் மன்றம் நடத்துகின்றன. அப்படியிருக்க ஆதரவாளர்கள் தனியாகச் சங்கம் வைத்து என்ன பயன், அவர்களால் இதுவரை எதையாவது மாற்ற முடிந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிந்திருக்கிறது. அதற்கான சாட்சி என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வசிப்பது தென் லண்டனில், டூட்டிங்கில். விம்பிள்டன் என்றதும் எங்கள் ஆட்களுக்கு டென்னிஸ் நினைவுக்கு வரும், அல்லது கணபதி கோயில் தேர் நினைவுக்கு வரும். அந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே கொஞ்சத் தூரம் நடந்தால் பிளவ் லேன் மைதானம். இன்று அங்கே ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறதென்றால், அதற்கு விம்பிள்டன் சுயாதீன ஆதரவாளர் சங்கம்தான் காரணம்.

கதைக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கழகம் நடத்தும் மன்றத்தில் சேர்ந்தால் டிக்கெட் முன்கூட்டியே கிடைக்கும், வீரர்களோடு படம் எடுக்கலாம், சட்டைக்கு விலைக்கழிவு தருவார்கள். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கழகத்தின் உப்பைத் தின்றவர்களால் ஒரு நாள் உரிமையாளருக்கு எதிரே நின்று "இதைச் செய்யாதே" என்று சொல்ல முடியாது. சுயாதீன சங்கத்தின் காசு அதன் அங்கத்தவர்களின் சந்தா. நிர்வாகக் குழுவை அவர்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். கழகத்தோடு பேச்சுவார்த்தைக்கும் போவார்கள், தேவைப்பட்டால் அதே கழகத்தின் வாசலில் பதாகையோடும் நிற்பார்கள். இந்த இரண்டுக்கும் இடம் இருப்பதைத்தான் நான் சுயாதீனம் என்பேன்.

விம்பிள்டன் 1889இல் தொடங்கிய கழகம். 1977இல்தான் முதன்முறையாக, நாட்டின் மேல் நான்கு பிரிவுகள் அடங்கிய லீக்குக்குள் எடுத்தார்கள். ஒன்பதே வருடத்தில், 1986இல், நாட்டின் முதற் பிரிவுக்கு ஏறிவிட்டது. 1988 மே 14ஆம் திகதி வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. (இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்) கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் லோறி சான்செஸ். லிவர்பூலின் ஜோன் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை கோல்காப்பாளர் டேவ் பெசண்ட் தடுத்தார். அந்தக் கிண்ண இறுதியாட்டங்களில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அதுதான். இங்கே வயதானவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும்.

வீழ்ச்சி மைதானத்திலிருந்துதான் தொடங்கியது. 1991இல் பழைய பிளவ் லேனை விட்டு, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடியிருக்கப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். சொந்த மண் இல்லாத கழகத்தை எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் உரிமையாளர்களுக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. டப்ளினுக்குக் கொண்டுபோகும் கதைகூட அடிபட்டது. ஆதரவாளர் சங்கம் உருவானது இந்த 1990களின் நடுப்பகுதியில். அப்போது கழகம் முதற் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு கூடியவர்கள் அல்லர் இவர்கள்.

2000ஆம் ஆண்டு, கிண்ணம் வென்ற அதே மே 14ஆம் திகதி, கழகம் முதற் பிரிவிலிருந்து இறங்கியது. அடுத்த வருடம் ஆகஸ்டில் தலைவர் அறிவித்தார்: கழகம் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது. ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் நகரம். அந்த ஊர் மக்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களுக்கும் ஒரு கழகம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அதற்குரிய வழி, கீழிருந்து ஒரு கழகத்தை வளர்த்து மேலே கொண்டுவருவது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இந்த வலி உடனே விளங்கியது. எங்கள் பக்கத்தில் கழகத்தின் பெயரைத் தனியே சொல்லும் வழக்கமே இல்லை. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென்மேரிஸ், இளவாலை யங்கென்றிஸ் என்று ஊரையும் சேர்த்துத்தான் பத்திரிகைகளும் எழுதும். பாடும்மீனை நாளைக்கு வவுனியாவுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒருவர் வந்து சொன்னால் குருநகர் என்ன செய்யும்? விம்பிள்டன்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கறுப்புப் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கழகத்தின் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கழகம் விற்கும் ஆட்டநாள் இதழை வாங்காமல், ஆதரவாளர்களே ஒரு மாற்று இதழ் அச்சிட்டு வெளியே நின்று விற்றார்கள். இவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இதழ்தான். எழுத ஆள், அச்சுக்கு ஆள், விற்க ஆள், காசுக்குக் கணக்கு வைக்க ஆள் என்று ஒரு கழகத்தை நடத்தத் தேவையான வேலைகளில் பாதியை அவர்கள் தெரியாமலே பழகிக்கொண்டிருந்தார்கள்.

லீக் முதலில் இடமாற்றத்தை மறுத்தது. கழகம் விடவில்லை, விடயம் சுற்றிச் சுற்றி எஃப்.ஏ. நியமித்த மூவர் கொண்ட ஆணையத்திடம் போனது. 2002 மே 28ஆம் திகதி, இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆதரவாளர்கள் சாம்பலிலிருந்து ஒரு புதிய விம்பிள்டனை அடிமட்டத்திலிருந்து எழுப்புவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதினார்கள். பல வருடங்கள் கழித்தும் ஆதரவாளர்கள் அந்த வசனத்தைப் பதாகைகளில் எழுதி வந்தார்கள்.

சங்கம் நேரடியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கழகம் ஊரை விட்டுப் போகக்கூடாது. அதில் தோற்றார்கள். சங்கங்களால் பயனில்லை என்று சொல்பவர்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து விம்பிள்டன் சமூக மண்டபத்தில் கூட்டம். மேல்முறையீடு, வழக்கு என்றெல்லாம் பேச்சு எழுந்தபோது, சங்கத்தை முன்னின்று நடத்திய கிறிஸ் ஸ்டுவர்ட் எழுந்து, எனக்குப் போராடிப் போராடி அலுத்துவிட்டது, உதைபந்தாட்டம் பார்த்தால் போதும் என்ற கருத்தில் பேசினார். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர் தெரிவு. 230 பேர் வந்தார்கள். ஜூலை 10ஆம் திகதி சட்டன் யுனைட்டட் மைதானத்தில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கழகத்தின் முதல் ஆட்டம். 0-4 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கூட்டம் உள்ளே வந்து முடியும் வரைக்கும் ஆட்டத்தைத் தொடங்க முடியவில்லை.

தீர்ப்புக்கும் அந்த ஆட்டத்துக்கும் இடையே இருந்தது ஆறு வாரம். ஆறு வாரத்தில் ஒரு கழகத்தைப் பதிவு செய்து, லீக் ஒன்றில் இடம் எடுத்து, மைதானம் பேசி, பயிற்றுநரைத் தேடி, சட்டை தைப்பித்து, டிக்கெட் விற்பது அந்நியர்களால் ஆகிற காரியமில்லை. யாருக்குச் சட்டம் தெரியும், யார் அச்சகம் வைத்திருக்கிறார், யாரை நம்பிக் காசைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. பல வருடமாக ஒன்றாகக் கூட்டம் போட்டு, ஒன்றாக பஸ் பிடித்து வெளியூர் ஆட்டங்களுக்குப் போய், ஒன்றாகச் சண்டையும் பிடித்தவர்கள். உங்கள் கேள்விக்கு என் முழுப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. சங்கம் தேவைப்படும் நாளில் சங்கத்தைத் தொடங்க முடியாது. அது அதற்கு முன்பே இருக்கவேண்டும்.

புதிய கழகம் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆரம்பித்தது. அந்த அடுக்கில் நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம்; இவர்களுக்குச் சராசரியாக மூவாயிரம் பேர் அளவில் வந்தார்கள். அதே பருவத்தில் பழைய கழகம் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் சில ஆட்டங்களை ஆயிரம் பேர்கூட இல்லாமல் ஆடியது. 2003இல் அது நிதி நெருக்கடியில், கடன்பட்ட நிறுவனங்களைக் கையாள நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போய், மில்டன் கீன்ஸுக்கு இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் பெயரையும் மாற்றிக்கொண்டது. இவர்களோ 2003க்கும் 2004க்கும் இடையில் தொடர்ச்சியாக 78 லீக் ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலே ஏறி, 2011இல் லூட்டனைப் பெனால்டிகளில் வென்று லீக்குக்குள் திரும்பினார்கள்.

கழகத்தின் உரிமை டொன்ஸ் டிரஸ்ட் என்ற ஆதரவாளர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. சந்தா கட்டினால் அங்கத்தவர். ஆளுக்கு ஒரு வாக்கு, ஆயிரம் பவுண் போட்டவருக்கும் அதே ஒரு வாக்குத்தான். ஆனால் ஆதரவாளர்களே உரிமையாளர்கள் ஆகிவிட்டோம் என்று சுயாதீன சங்கத்தை இழுத்து மூடவில்லை. அது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. ஆதரவாளர் நடத்தும் நிர்வாகத்தையும் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அதோடு சில வேலைகளைக் கழகத்தைவிட சங்கம் செய்வதே பொருத்தம். 2006இல் ஏற்பட்ட உடன்பாடு அப்படியானது: மில்டன் கீன்ஸ் கழகம், அதன் ஆதரவாளர் சங்கம், விம்பிள்டன் சங்கம், தேசிய ஆதரவாளர் கூட்டமைப்பு எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 2007இல் 1988 கிண்ணத்தின் பிரதி உட்படப் பழைய விம்பிள்டனின் நினைவுப் பொருட்கள் விம்பிள்டன் அடங்கிய மேர்ட்டன் நகராட்சியிடம் வந்து சேர்ந்தன. எதிர்த்தரப்பின் ஆதரவாளர்களும் அந்த மேசையில் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி மைதானம். பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அங்கிருந்து சில நூறு மீற்றர் தள்ளி, முன்பு நாயோட்டம் நடந்த திடலில் புதியதைக் கட்டத் தொடங்கினார்கள். 2019 கடைசியில் காசு போதவில்லை. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் யோசனை வந்தபோது அங்கத்தவர்கள் கொதித்தார்கள். கொதித்ததோடு நிற்காமல் கடன் பத்திரத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆளாளுக்கு முடிந்ததைப் போட்டு, 50 லட்சம் பவுணுக்கு மேல் திரட்டிவிட்டார்கள். 2020 நவம்பர் 3ஆம் திகதி புதிய பிளவ் லேனில் முதல் ஆட்டம், டொங்கஸ்ரருடன் 2-2. கொரோனாக் கட்டுப்பாட்டால் ஒரு ஆதரவாளர்கூட உள்ளே போக முடியவில்லை. அதே காலத்தில் இந்த ஆட்கள்தான் வீடு வீடாக உணவுப் பொதி கொண்டுபோகும் தொண்டுக் குழுவையும் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது நான் அங்கே ஆட்டம் பார்க்கப் போவதுண்டு. பெரும் பணக்காரக் கழகங்களோடு போட்டி போடும் காசு இவர்களிடம் இல்லை. 2022இல் நான்காம் அடுக்குக்கு இறங்கினார்கள், 2025இல் வெம்பிளியில் வால்சோலை 1-0 என்று வென்று மீண்டும் ஏறினார்கள். இறங்கிய நாளிலும் யாரும் "கழகத்தை வித்துப் போடுங்கோ" என்று கத்தி நான் கேட்கவில்லை.

எல்லாச் சங்கமும் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1998இல் ஊடக அதிபர் மேர்டொக்கின் தொலைக்காட்சி நிறுவனம் மன்செஸ்டர் யுனைட்டட்டை வாங்க வந்தபோது அங்கிருந்த சுயாதீன சங்கம் எதிர்த்துப் பிரசாரம் செய்தது; மறுவருடம் அரசு அந்த விற்பனையைத் தடுத்தது. 2016இல் லிவர்பூல் 77 பவுண் டிக்கெட் என்று அறிவித்தபோது ஆதரவாளர்கள் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களிலேயே உரிமையாளர்கள் அந்த விலையைக் கைவிட்டார்கள்.

2025இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்துக்குச் சுயாதீன ஒழுங்குபடுத்துநரை உருவாக்கும் சட்டம் நிறைவேறியது. கழகம் தன் மைதானத்தை விற்கவோ வேறிடத்துக்கு மாறவோ இனி அவருடைய அனுமதி வேண்டும். முக்கிய விடயங்களில் ஆதரவாளர்களைக் கலந்தாலோசிக்கவும் வேண்டும். 2002இல் இது இருந்திருந்தால் என்று இங்கே பலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் ஆதரவாளர் என்று யாரைக் கூப்பிட்டுப் பேசுவது? கழகமே தனக்குப் பிடித்த பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு குழு அமைத்தால் அவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். அங்கத்தவர் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் போனால், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து மற்றவர்களுக்கும் சொல்வார்கள். உங்களுக்குப் பிடித்த கழகத்தில் அந்தக் குழுவுக்கு ஆட்களை யார் அனுப்புகிறார்கள் என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.