லே இறங்கிய மறுநாளே பாங்காங் வேண்டாம்

சென்னையிலிருந்து விமானத்தில் லடாக்கில் இருக்கும் லே, மறுநாளே அப்பாவுடன் பாங்காங் ஏரிக்கரையில் இரவுத் தங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள். லே சுமார் 3,500 மீட்டர். உடம்பு பழக முழுதாக இரண்டு நாளாவது வேண்டும்; அந்த இரண்டு நாளும் சும்மா இருப்பதுதான் வேலை.

பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேல். உயரத்தைவிட எனக்குப் பயம் அந்த வழிதான். ராத்திரி அப்பாவுக்கு மூச்சு முட்டினால், லே திரும்ப 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும்! அதனால் முதலில் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே தங்கும் ஹுண்டர் கிராமம் லேயைவிடத் தாழ்வு. வழியில் கர்துங் லா கணவாயும் ஏறக்குறைய சாங் லா உயரம்தான்; அங்கே மட்டும் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளிலிருந்தே. அப்பா பிபி மாத்திரை எடுப்பதால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அது சகஜம்.

தலைவலி, குமட்டல் இருக்கும்வரை மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன் வைத்து, லேயில் இருந்தால் நேராக மருத்துவமனைதான்.