பழைய வால்வ் ஆம்ப் வாங்குறீங்களா? விலை கேக்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் பாருங்க

லைட் மியூசிக் கச்சேரில கிட்டார் வாசிச்சதுல பாதி, வாங்கின ஆம்ப்பை ஒவ்வொண்ணா தொறந்து ஷாக் அடிச்சு கத்துக்கிட்டது மீதி, அவ்ளோதான் நம்ம அனுபவம். வால்வ் ஆம்ப்னா கண்ணாடிக் குழாய் மாதிரி வால்வ் வச்சு சத்தத்த பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர். கேட்டவங்களுக்கு வரிசையா சொல்றேன்.

கேள்வி: அண்ணே, பெரம்பூர்ல ஒரு வீட்ல ஃபெண்டர் கம்பெனியோட ட்வின் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் இருக்கு. 66 மாடல்னு சொல்லி விலையும் அதுக்கேத்த மாதிரி கேக்குறாங்க. நம்பலாமா?

பதில்: வாய்ல சொல்ற வருஷத்த நம்பாதீங்க தம்பி. பொட்டியோட உள்பக்கம் எந்த வால்வ் எங்கன்னு ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அதுல ரெண்டு எழுத்து முத்திரை குத்தியிருப்பான், மொத எழுத்து வருஷம், ஏ-ன்னா 1951, அப்படியே எண்ணிட்டே வந்தா ஓ 1965, பி (P) 1966, க்யூ 1967, ரெண்டாவது எழுத்து மாசம், ஏ ஜனவரி. 'பி ஹெச்' (PH)னு இருந்தா 1966 ஆகஸ்ட். ஆனா காகிதத்த மாத்தி ஒட்டுறது பெரிய வேலையா? அதனால ட்ரான்ஸ்ஃபார்மர்லயும் ஸ்பீக்கர்லயும் இருக்கிற நம்பரையும் படிங்க. மொத மூணு எண் செஞ்ச கம்பெனி: 606-ன்னு ஆரம்பிச்சா ஷூமாக்கர் ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர்ல 465 ஆக்ஸ்ஃபோர்டு, 220 ஜென்சன், 137 சிடிஎஸ். அதுக்கு அடுத்த ஒரு எண் வருஷத்தோட கடைசி எண், அப்புறம் வர்ற ரெண்டு எண் எத்தனாவது வாரம்னு. சாமான் எல்லாம் ஆம்ப் செஞ்ச தேதிக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும், பின்னாடி இருந்தா அது மாத்தினது. டார்ச்சோட போங்க, நம்பரை எல்லாம் போட்டோ எடுத்துட்டு வாங்க.

கேள்வி: நெட்ல ஒரே ஆம்ப்புக்கு ஆளாளுக்கு ஒரு விலை போட்டிருக்காங்க சார். எத வச்சு பேரம் பேசுறது?

பதில்: போட்டிருக்கிற விலை அவங்க ஆசை. ரிவெர்ப்.காம், ஈபே ரெண்டு வெப்சைட்லயும் வித்துப்போன விலைய தனியா காட்டும், அத பாருங்க. அதுலேர்ந்து இங்க அத ஓட வைக்க ஆகிற செலவ கழிச்சிடுங்க. ட்வின்னா பெரிய வால்வ் நாலு, சின்னது ஆறு, மொத்தம் பத்து, நல்ல செட்டா போடணும்னா பர்ஸ் இளைச்சிடும். உள்ள கரண்ட்ட தேக்கி வைக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் இருபது வருஷத்துக்கு மேல ஆனா காய்ஞ்சிடும், அத மாத்தியாச்சான்னு கேளுங்க. மாத்தியிருந்தா விலை குறையாது, சொல்லப்போனா நல்லது. ரெண்டு பின் ஒயரை எர்த்தோட மூணு பின்னா மாத்தியிருந்தாலும் குறையாது, மாத்தாம இருந்தாதான் நான் தொடவே மாட்டேன். ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்தினது, ஸ்பீக்கர்ல புதுசா கோன் (நடுவுல இருக்கிற காகிதக் கூம்பு) போட்டது, வெளிய புது ரெக்சின் ஒட்டினது, இதெல்லாம் விலைய நல்லாவே இறக்கும். 'சார் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு பாருங்க'ன்னு சொல்றப்போதான் உஷாரா இருக்கணும்.

கேள்வி: அண்ணா, நாங்க அப்பார்ட்மெண்ட்ல மூணாவது மாடி. எது வாங்கினா கட்டுப்படியாகும்?

பதில்: ட்வின் 85 வாட், எடை கிட்டத்தட்ட முப்பது கிலோ, லிஃப்ட் நின்னுபோன அன்னிக்குப் புரியும்மா. தூக்க முடியாதுன்னே நெறைய பேர் ஒதுங்குறதால பெரிய ஆம்ப் சத்தத்துக்குக் கொடுக்கிற காசுன்னு பாத்தா மலிவு, சின்ன டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட்தான், அதுக்கு அடிச்சுக்கிறாங்க. 1968 வாக்குலேர்ந்து வந்த வெள்ளி முகப்பு மாடல், அதுக்கு முன்னாடி வந்த கறுப்பு முகப்பைவிட எப்பவுமே விலை கம்மி, மொத ஒண்ணு ரெண்டு வருஷத்துல வந்ததுல பல மாடல் உள்ள கிட்டத்தட்ட ஒண்ணேதான். என்னைக் கேட்டா அந்த மொத வெள்ளி முகப்பு மாடல தேடுங்க.

கேள்வி: மாமா அமெரிக்காலேர்ந்து ஒண்ணு கொண்டு வர்றாரு. அப்படியே சொருகலாமா?

பதில்: ஐயையோ! அது 117 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம வீட்ல 230. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பா வேணும், ட்வின்னுக்கு 500 விஏ-வுக்கு (அது எவ்ளோ லோடு தாங்கும்ங்கிற அளவு) கம்மியா வாங்காதீங்க. பொட்டி பொட்டியா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல கிடைக்கும், ஆனா லேபிள்ல எழுதியிருக்கிறத நம்பாம மீட்டர் வச்சு 110-லேர்ந்து 120-க்குள்ள வருதான்னு பாத்து வாங்குங்க. ஜப்பான்லேர்ந்து வர்றது 100 வோல்ட், அது வேற. பழைய மார்ஷல், வாக்ஸ் மாதிரி இங்கிலாந்து ஆம்ப்ல பின்னாடியே வோல்ட்டேஜ் மாத்துற வசதி இருக்கும், நம்ம ஊருக்கு அதுதான் தோது.

கேள்வி: அஹூஜா பழைய வால்வ் ஆம்ப்ப கிட்டாருக்கு வச்சுக்கலாமா?

பதில்: அது மைக்செட்டுக்கு செஞ்சது ப்ரோ, கிட்டார் பிக்கப்புக்கு (கம்பியோட அதிர்வ புடிக்கிற காந்தச் சுருள்) ஒத்துப்போகாம சத்தம் மொண்ணையா வரும். நல்ல ஆள் இன்புட்ட மாத்திக் கொடுத்தா சரி, விளையாட்டுக்கு ஓகே.

கேள்வி: பத்து வருஷமா பரண்ல கெடந்த ஆம்ப். ஆன் பண்ணி பாத்துட்டு காசு கொடுக்கலாம்ல?

பதில்: நேரா ஆன் பண்ணாதீங்க. எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே, சீரிஸ்ல மாட்டின நூறு வாட் குண்டு பல்பு, அத நடுவுல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு தடவ பளிச்னு எரிஞ்சு மங்கினா பரவால்ல, பிரகாசமாவே நின்னா உள்ள ஷார்ட். ஸ்பீக்கர் கனெக்‌ஷன் இல்லாம வால்வ் ஆம்ப்ப ஆன் பண்ணவே கூடாது, நான் அவசரத்துல அந்த வேலைய பண்ணி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையே காலி பண்ணிருக்கேன். வால்வுக்குள்ள ஆரஞ்சு வெளிச்சம் சகஜம், வெளிய தெரியிற சாம்பல் தகடு சிவந்தா உடனே ஆஃப். பென்சிலால சின்ன வால்வ லேசா தட்டுங்க, ஸ்பீக்கர்ல மணி அடிச்ச மாதிரி கேட்டா அது போச்சு. ஆஃப் பண்ணப்புறமும் உள்ள நானூறு வோல்ட் நிக்கும், கைய விடாதீங்க.

அப்புறம் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வாங்குறவங்க, 2015 டிசம்பர் வெள்ளத்துல நின்னுச்சான்னு கேக்காதீங்க, பாருங்க. கீழ் ஓரத்துல ரெக்சின் உப்பியிருக்கும், பலகைல தண்ணி நின்ன கோடு தெரியும், கோன் நெளிஞ்சிருக்கும்.

கேள்வி: அண்ணே, பெரம்பூர் ஆள்தான் மறுபடியும். போய் பாத்தேன். காகிதத்துல பி ஹெச், ட்ரான்ஸ்ஃபார்மர் 606-622, ஒரு ஸ்பீக்கர் 465-625, இன்னொண்ணு 137-714.

பதில்: ஆம்ப் 66-தான், ட்ரான்ஸ்ஃபார்மரும் அந்தக் காலத்துதான், சந்தோஷம். ஆனா 714-ன்னா 67-ஓ 77-ஓ, எப்படிப் பாத்தாலும் ஆம்ப்புக்கு அப்புறம் வந்த ஸ்பீக்கர். அந்த வீட்டுக்காரர்கிட்ட போட்டோவ காட்டி ஒரு ஸ்பீக்கருக்கான காச கழிச்சு கேளுங்க, கெபாசிட்டர் மாத்தலேன்னா அதையும் சேருங்க. வாங்கினா தூக்க ரெண்டு பேரா போங்க.